நான்கு மணிக் கடன்

என் தங்கை எனக்குத் தர வேண்டியிருந்தது நாலாயிரத்து முந்நூற்று ஐம்பது ரூபாய். தடவைக்கு ஐம்பது வீதம் எண்பத்தேழு தடவை. தேதி போட்டு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். வட்டி கிடையாது. கூடப் பிறந்தவளிடம் வட்டி வாங்கினால் சாப்பிட்டது செரிக்காது.

கை நீட்டி வாங்கிய கடன் இல்லை. அபராதம். அது எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் எங்கள் கிடங்கைச் சொல்ல வேண்டும்.

நான் மூட்டை தூக்குகிறவன். இருபத்திரண்டு வருடமாக அதே கிடங்கு. லாரியிலிருந்து இறக்கி உள்ளே அடுக்குவோம், உள்ளேயிருந்து எடுத்து லாரியில் ஏற்றுவோம். எங்கள் கூட்டத்தில் ஒன்பது பேர். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யாரும் தன் வாயால் ஓய்வு கேட்பதில்லை. ரோஷம் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அது இல்லை. மூட்டை முதுகில் இருக்கும்போது தூக்குகிறவனுக்குத் தன் களைப்புத் தெரியாது. உடம்பில் சூடு ஏறியிருக்கும். இன்னும் நாலு நடை போகலாம் என்றுதான் தோன்றும். பின்னால் வருகிறவனுக்குத்தான் தெரியும். முன்னால் போகிறவனின் கெண்டைக்கால் துடிப்பதும், குதிகால் பதியாமல் இழுபடுவதும் அவன் கண்ணுக்கு நேரே நடக்கிற சங்கதி. அதனால் பின்னால் வருகிறவன் “இறக்கு” என்பான். சொன்னால் சொன்னதுதான். அடுத்த மேடையில் மூட்டையைப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் உட்கார வேண்டும். “இதோ, இந்த ஒரு நடை மட்டும்” என்று நழுவினால் பிஸ்கட் டப்பாவில் ஐம்பது ரூபாய். சனிக்கிழமை எல்லோருக்கும் டீ அந்த டப்பாவிலிருந்துதான்.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். எனக்கே அது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

தங்கைக்கும் எனக்கும் பதினாலு வயது வித்தியாசம். அப்பா அம்மா போன பிறகு அவளைப் படிக்க வைத்து ஆளாக்கியது நான் என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முப்பத்தெட்டு வயதில் என் கையில் பென்சிலைத் திணித்து, “இனிமே எந்தக் காகிதத்துலயும் நீ கட்டைவிரல் வைக்கக் கூடாது” என்று உட்கார வைத்தவள் அவள். யார் யாரை ஆளாக்கியது என்பதில் எங்களுக்குள் வழக்கு இன்னும் முடியவில்லை.

அவள் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவள். மருந்துக் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனிக்கு. எந்தக் கடைக்கு எந்தப் பெட்டி எப்போது போக வேண்டும் என்று சொல்வது அவள் எழுதிய எழுத்துகள்தானாம். “நீயும் சுமை தூக்குறவதான், என்ன, உனக்கு முதுகு அழுக்காகாது” என்பேன். மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. முன்னறையில் அவளுடைய மேசை. வீட்டிலிருந்தே வேலை.

எனக்குக் காலை ஆறு மணி முறை. மூன்று மணிக்கு விட்டுவிடுவார்கள். வந்து குளித்து, டீ போட்டு, இரண்டு டம்ளரோடு நான் வாசலுக்கு வரும்போது மணி நாலு. படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஓர் உயரமான ஜன்னல் இருக்கிறது. அந்த நேரத்துக்கு அதன் வழியாக வெயில் விழும். கணக்காக இரண்டு முக்காலி போடுகிற அளவு வெயில். ஒன்றில் நான், ஒன்றில் அவள். அப்போதெல்லாம் அவளுடைய கம்ப்யூட்டருக்கே மூச்சு வாங்கும். எழுதியது சரியா என்று சோதிக்க விட்டால் அரை மணி நேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த அரை மணி எங்களுடையது.

நான் தினமும் நோட்டில் ஒரு பக்கம் எழுத வேண்டும். அன்று என்ன நடந்ததோ அது. ஒரு லாரிக்காரன் சண்டை போட்டது, மிளகாய் மூட்டை கிழிந்து கிடங்கே தும்மியது, இப்படி. அவள் டீயைக் குடித்துக்கொண்டே வாசிப்பாள். தப்பைத் திருத்துவாள். ஆனால் திருத்துவதற்கு முன்னால் சிரித்துவிடுவாள், அல்லது “அப்புறம்?” என்பாள். அந்த “அப்புறம்?” கேட்பதற்காகவே நான் பாதியில் நிறுத்தி எழுதப் பழகியிருந்தேன். கிடங்கில் ஏதாவது வேடிக்கை நடந்தால் சிரிப்பு வருவதற்கு முன்னால், இதை எப்படி எழுதலாம் என்றுதான் மனசு ஓடும். ஐந்து வருடம் இப்படிப் போனது. அது ஒரு பெரிய சுகம் என்று அப்போது தெரியவில்லை. வெயில் மாதிரி, தினமும் வரும் என்று இருந்துவிட்டேன்.

பிறகு அவளுக்கு ஓர் உதவியாள் வந்தது.

ஏஐ. அவள் வாயால் சொல்லச் சொல்ல அது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து தானே புரோகிராம் எழுதும். வந்த முதல் வாரம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! “அண்ணா, மூணு நாள் வேலையை அரை மணியில முடிச்சிருச்சு!” எனக்கும் சந்தோஷம்தான். இனி நாலு மணிக்கு அரை மணி என்ன, ஒரு மணியே உட்காரலாம் என்று கணக்குப் போட்டேன். மனப்பால் குடிக்க டம்ளர் தேவையில்லை.

நடந்தது வேறு. அவள் கூட்டத்தில் ஐந்து பேர் இருந்தார்கள், இரண்டு பேராக்கினார்கள். வேலை மட்டும் ஐந்து பேருடையதாகவே இருந்தது. முன்பு அரை மணி எடுத்தது இப்போது இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறது. வந்ததும் பார்க்க வேண்டும், அடுத்ததைச் சொல்ல வேண்டும். அதற்குள் திரையிலேயே பக்கத்து ஜன்னலில் இன்னொன்று முடிந்திருக்கும். ஒரே நேரத்தில் மூன்று ஜன்னல் திறந்து வைத்திருந்தாள்.

“பாப்பா, நாலு மணி.”

“ரெண்டே நிமிஷம்ண்ணா. இது முடிச்சிரும்.”

“எது?”

“அதான், எழுதிட்டிருக்கு பாரு.”

“அது எழுதுது. நீ என்ன பண்ற?”

“நான் பார்த்துட்டிருக்கேன்.”

“அது எழுதும்போது நீ சும்மாதானே இருக்கே? அப்போ எழுந்து வா.”

“சும்மா இல்லண்ணா. அது எங்கயாவது வழி மாறிப் போயிடும். கண் வெச்சுக்கணும். ஆனா கஷ்டமெல்லாம் இல்ல, நடுநடுவுல ரெண்டு ரெண்டு நிமிஷம் ரெஸ்ட் கிடைக்குதே.”

அந்த ரெஸ்ட் எனக்குத் தெரியும். எங்கள் கிடங்கில் தராசு வரிசை என்று ஒன்று உண்டு. மூட்டையோடு வந்து, முன்னால் இருப்பவனுடையது எடை போட்டு முடியும்வரை நிற்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நடக்காமல் நிற்கிறோமே என்று அதை ஓய்வு என்று நினைத்துக்கொள்வார்கள். மூட்டை முதுகில்தான் இருக்கும். ஆறு மாதத்தில் முழங்கால் போகிறவன் நடந்து நடந்து போவதில்லை. அந்த வரிசையில் நின்று நின்றுதான் போகிறான். இதை அவளிடம் சொன்னேன். “சூப்பர்ண்ணா, இதை இன்னிக்குப் பக்கத்துல எழுது” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எழுதினேன். அவள் வாசிக்கவில்லை.

அன்று அந்தப் பக்கத்தின் அடியில் முதன்முதலாக எழுதினேன்: இறக்கு என்று சொன்னேன், வரவில்லை, ஐம்பது.

அந்த உதவியாளுக்கு ஆமாஞ்சாமி என்று பெயர் வைத்தது நான்தான். ஒரு நாள் அவள் அதை வாய்விட்டுத் திட்டிக்கொண்டிருந்தாள். “இப்படியா செய்யச் சொன்னேன்?” என்று கேட்டால், “நீங்கள் சொல்வது முற்றிலும் சரி” என்கிறதாம். “அப்போ முதல்ல செஞ்சதும் சரின்னியே” என்றால் அதற்கும் “முற்றிலும் சரி”யாம். “நம்ம கிடங்கு முதலாளிகிட்ட இப்படி ஒருத்தன் இருக்கான், ஆமாஞ்சாமின்னு கூப்பிடுவோம்” என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த மாதம் எனக்குக் கிடைத்த சிரிப்பு அது ஒன்றுதான். மற்றபடி அது நல்ல பிராணி. கோபப்படாது, களைக்காது, டீ கேட்காது. ஒவ்வொரு வேலையையும் முடித்துவிட்டு, அடுத்து இதைச் செய்யட்டுமா என்று பணிவாகக் கேட்கும். அதுதான் வம்பு. மரியாதையாகக் கேட்கிறவனிடம் முடியாது என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராது.

என் பக்கங்கள் வாசிக்காமல் சேர்ந்துகொண்டே போவது அவளுக்கும் உறுத்தியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் செல்போனில் ஏதோ செய்து கொடுத்தாள். “பக்கத்தைப் போட்டோ எடுத்து இதுல அனுப்புண்ணா. தப்பெல்லாம் அதுவே திருத்திச் சொல்லும். நான் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.” மேஸ்திரியின் தொப்பி சர்க்கரைக் குவியலில் விழுந்து எறும்பு மொய்த்த பக்கத்தை அனுப்பினேன். மூன்று நொடியில் பதில் வந்தது. ஏழு தப்பு. ஏழும் சரியான தப்பு. அதில் குறை சொல்ல முடியாது. கூடவே, மிக அருமையாக எழுதியிருக்கிறீர்கள், தொடர்ந்து எழுதுங்கள் என்று பாராட்டு. அந்தத் தொப்பியைப் பற்றிப் படித்துவிட்டு ஒரு வார்த்தை “அப்புறம்?” என்று அது கேட்கவில்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்தேன். அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் அதற்காக எழுதவில்லை, அவ்வளவுதான்.

நாலு மணிக்கு ஒரு முக்காலியில் நானும் இன்னொன்றில் ஆறிப்போகிற டம்ளருமாக ஒரு மாதம் உட்கார்ந்து பார்த்தேன். வெயில் மட்டும் இரண்டு பேருக்குமாகச் சேர்த்து வந்துகொண்டிருந்தது. தெருக்கோடியில் டைல்ஸ் கடை இருக்கிறது. நாலேகால் மணிக்கு அங்கே சரக்கு வரும், இறக்க ஆள் வேண்டும் என்றார்கள். போய்ச் சேர்ந்துகொண்டேன். பணத்துக்கு ஆசைப்பட்டு இல்லை. அந்த அரை மணி வீட்டில் இருக்க முடியவில்லை.

ஆனால் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நாலு மணிக்கு வாசலில் நின்று, “பாப்பா, இறக்கு” என்று குரல் கொடுப்பேன். “ரெண்டே நிமிஷம்” என்று பதில் வரும். ஐம்பது என்று மனசில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன், இரவு பக்கம் எழுதி அடியில் ஏற்றுவேன்.

அவள் வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தாள். கண் சிவந்து, எரிகிறது என்று சொட்டு மருந்து விட்டுக்கொள்வாள். கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு சேர்த்துத் திருப்பிப் பார்ப்பாள். பின்னால் வருகிறவன் கண்ணில் படுகிற எல்லாம் என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வியாழக்கிழமை நான் வந்தபோது அவள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பாப்பா?”

“பழைய பட்டியலையெல்லாம் துடைச்சிடட்டுமான்னு கேட்டுச்சு. சரின்னு அமுக்கிட்டேன்.”

“எதுக்கு அமுக்கின?”

“காலையிலேர்ந்து நூறு தடவை சரி, சரி, சரின்னு அமுக்கிட்டிருக்கேன். இது நூத்தி ஓராவது. கேள்வியைப் படிச்சேன்ண்ணா. கண்ணு படிச்சுது. நான் படிக்கல.”

நகல் இருந்ததாம். ஆனாலும் இரண்டு நாள் வேலை போனது போனதுதான். மறுநாள் அதையும் சேர்த்துச் செய்ய உட்கார்ந்தாள். நான் நாலு மணிக்கு “இறக்கு” என்றபோது பதிலே வரவில்லை. அதோடு எண்பத்தேழு.

மறுநாள் சனிக்கிழமை. கிடங்கில் டப்பாவைத் திறந்து டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தோம். எங்களில் ஒருவனுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடினால் மின்சாரம் போய்விட்டது என்று அர்த்தம். டப்பாவில் இந்த வாரம் வசூல் குறைவு என்று அவன் அங்கலாய்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எங்கிருந்து பெருமை வந்ததோ.

“இது என்னப்பா வசூல்? என் தங்கச்சி ஒருத்தியே நாலாயிரத்து முந்நூத்தம்பது தரணும்” என்றேன்.

“அடேங்கப்பா! ஒரு சைக்கிளையே முழுங்கியிருக்கா!” என்றான் ரேடியோ. “எப்படி?”

சொன்னேன். மற்ற எட்டுப் பேரும் கேட்டார்கள். ஆமாஞ்சாமி கதைக்குச் சிரித்தார்கள். தராசு வரிசை என்றதும் தலையாட்டினார்கள். பழைய பட்டியல் துடைத்த கதையில் யாரும் சிரிக்கவில்லை. கால் நடுங்கிய பிறகும் நடந்து மூட்டையோடு விழுந்தவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் ரேடியோ கேட்டான்.

“சரி, நீ இறக்கினியா?”

“எதை?”

“உன் மூட்டையைப்பா. இறக்குன்னு சொன்னியே, எங்கேருந்து சொன்னே?”

“வாசல்லேருந்து.”

“என்ன பண்ணிட்டு?”

“செருப்பு மாட்டிக்கிட்டு. டைல்ஸ் கடைக்குப் போகணுமே.”

கிடங்கே சிரிப்பில் அதிர்ந்தது. மேஸ்திரி டீயைத் துப்பிவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

வழக்கத்தின் அந்த இன்னொரு பாதி இதுதான். இறக்கு என்று சொன்னவனும் இறக்க வேண்டும். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு நடந்தால் முன்னால் போகிறவனுக்கு ரோஷம் வரும், இறக்க மாட்டான். அதனால் சொன்னவன் தன் மூட்டையையும் அதே மேடையில் போட்டு, பக்கத்தில் உட்கார வேண்டும். உட்காராதவன் சொல் சொல்லே இல்லை. இருபத்திரண்டு வருடமாக நூறு தடவையாவது செய்திருப்பேன். வீட்டில் எப்படி மறந்தது?

மேஸ்திரி வாயைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “செல்லாது. எல்லாம் செல்லாது. அந்தப் பொண்ணு ஒரு பைசா தர வேண்டாம்.”

“இவன்தான் டப்பாவுல போடணும்” என்றான் ரேடியோ. “முதுகுல மூட்டையை வெச்சுக்கிட்டு அடுத்தவளுக்கு உபதேசம்!”

நான் சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது சிரிப்பு இல்லை. எண்பத்தேழு தடவை அவள் வரவில்லை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பத்தேழு தடவையும் நான் எங்கே இருந்தேன் என்று எண்ணவே இல்லை.

வழியில் டைல்ஸ் கடையில் நுழைந்து, இனி வர முடியாது என்றேன். “நாலேகாலுக்குப் பதிலா அஞ்சரைக்கு வரியா?” என்றார் கடைக்காரர். “இல்லண்ணே, சாயங்காலம் எனக்கு வேலை இருக்கு.” “என்ன வேலை?” “உட்காரணும்.” என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

வீட்டில் அவள் மேசையில்தான் இருந்தாள். சனிக்கிழமை விடுமுறை என்பதெல்லாம் காலண்டரில் மட்டும். இரண்டு நாளாக ஒரு பிழையைத் தேடிக்கொண்டிருந்தாள்; ஏதோ ஒரு கடைக்கு ஒரே பெட்டி இரண்டு முறை போகிறது. ஆமாஞ்சாமி ஒவ்வொரு முறையும், இப்போது சரியாகிவிட்டது என்கிறது. ஒவ்வொரு முறையும் பெட்டி இரண்டாகவே போகிறது.

நான் குளித்தேன். டீ போட்டேன். நாலு மணிக்கு இரண்டு முக்காலியையும் வெயிலில் போட்டுவிட்டு, வாசலில் நிற்காமல் உள்ளே போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். செருப்பு இல்லை, கையில் ஒன்றும் இல்லை.

“இறக்கு பாப்பா” என்றேன்.

“ரெண்டே நிமிஷம்ண்ணா.”

“சரி.”

நான் எழுந்து போகவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டேன். இரண்டு நிமிடம் ஆனது. திரையில் எழுத்து ஓடி நின்றது. அவள் தட்டினாள். மறுபடி ஓடியது. அதற்குள் தலையைத் திருப்பாமல், உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

“கடைக்குப் போகல?”

“இல்ல.”

“உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன்.”

“அப்புறம் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே?”

“நானும் இறக்கிட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. திரையைப் பார்த்தாள். அடுத்து இதைச் செய்யட்டுமா என்று அது கேட்டுக்கொண்டு நின்றது. அவள் கை பாதி தூரம் போனது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது. மனசு மட்டும், வா, வா, வா என்று அடித்துக்கொண்டது. மூட்டை விலகிய முதுகு லேசாக நடுங்குமே, அப்படி இருந்தது எனக்கு.

கையை எடுத்தாள். மணிக்கட்டுப் பட்டையைப் பிரித்து மேசைமேல் போட்டாள். “காலு மரத்துப்போச்சு” என்று மேசையைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள்.

முக்காலியில் உட்கார்ந்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். டீயைப் பாதி குடித்தாள். கீழே யாரோ மிதிவண்டிக்குக் காற்று அடிக்கும் சத்தம். பிறகு நான் கிடங்கில் நடந்ததைச் சொன்னேன். மேஸ்திரி டீயைத் துப்பியது வரைக்கும்.

“நாலாயிரத்து முந்நூத்தம்பதா? அடப்பாவி அண்ணா! இப்படி ஒரு கணக்கு ஓடுறதே எனக்குத் தெரியாதே.”

“அதான் செல்லாதுன்னுட்டாங்களே. விட்டுத் தள்ளு.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “நான் வந்தேன்ண்ணா.”

“எப்போ?”

“ரெண்டு தடவை. முடிச்சிட்டு ஓடி வந்தேன். நாலு இருபது இருக்கும். முக்காலி ரெண்டும் சுவர் ஓரமா அடுக்கியிருந்துச்சு. நீ இல்ல. சரி, அண்ணனுக்கும் இப்போ இதெல்லாம் வேண்டாம்போலன்னு திரும்பிட்டேன்.”

மூக்கை உறிஞ்சினேன். டீ சூடாக இருந்ததால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“நோட்டைக் கொண்டா” என்றாள். “எல்லாமே செல்லாதுன்னு அவங்க எப்படிச் சொல்லலாம்? ஒவ்வொண்ணா பார்க்கணும். ஒரு தடவையாவது நீ நிஜமா இறக்கியிருப்பே இல்ல?”

கடன்பட்டவளே கணக்குப் பார்க்கிறேன் என்றால் கடன் கொடுத்த எவனுக்குக் கசக்கும்? கொண்டு வந்தேன். அபராதம் போட்ட முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். அபராதம் அடியில் இருக்கிறது. ஆனால் அன்று நான் வீட்டில் இருந்தேனா, செருப்பில் இருந்தேனா என்று தெரிய மேலே இருப்பதையும் வாசிக்க வேண்டும். வாசித்தாள். தொப்பியும் எறும்பும் வந்தபோது தோள் குலுங்கியது. தராசு வரிசைப் பக்கத்துக்குத் திரும்பிப் போய் இன்னொரு முறை வாசித்தாள். பிறகு, “இந்த நாளெல்லாம் முக்காலியில உட்கார்ந்திருக்கியே, இதுக்கு நான் தரணுமில்ல?” என்றாள்.

“முக்காலியிலதான் உட்கார்ந்தேன். ஆனா கையில நோட்டு, காதுல உன் மேசை. அது தராசு வரிசை. செல்லாது.”

“நீதிபதியே கடன் கொடுத்தவனா இருந்தா இப்படித்தான்” என்று பக்கத்தைத் திருப்பினாள். கிடங்கில் ஒருவன் கால் இடறிய நாளில் நான் பாதியில் நிறுத்தியிருந்தேன்.

“அப்புறம்?” என்றாள்.

“அடுத்த பக்கத்துல இருக்கு” என்றேன்.

திருப்பினாள். ஐம்பதாவது பக்கம் வாக்கில் அவள் கை நின்றது. அந்தப் பக்கத்தில் மூன்றே வரி. அடுத்த இரண்டு பக்கத்திலும் அப்படித்தான்.

“சுரம். வேலைக்குப் போகவில்லை. பாப்பா அடுத்த அறையில் இருக்கிறாள்” என்று வாய்விட்டு வாசித்தாள். அடியில் ஐம்பது. மறுநாளும் சுரம், ஐம்பது. அதற்கும் மறுநாள் ஐம்பது.

“மூணு நாளா?”

“சின்னச் சுரம்தான். மாத்திரை கொடுத்தியே.”

“மாத்திரை கொடுத்தேன். நாலு மணிக்கு வரல.”

“விடு பாப்பா.”

“கூப்பிட்டியா?”

“படுத்துக்கிட்டேதான்.”

“அப்போ இறக்கிட்டுத்தான் கூப்பிட்டிருக்கே” என்றாள். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்த முறை கழுத்து மட்டும்தான் திரும்பியது. “இது மூணும் செல்லும்ண்ணா.”

மீதிப் பக்கங்களையும் வாசித்து முடித்தாள். வெயில் சுவர்மேல் ஏறிப் போயிருந்தது. எண்பத்து நாலு செல்லாது, மூன்று செல்லும். உள்ளே போய்ப் பர்ஸைக் கொண்டு வந்து ஒரு இருநூறு ரூபாய்த் தாளை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்தால் சொல்லக் கூடாது என்று தெரிந்தது. சில கடனை வாங்கிக்கொள்வதுதான் மரியாதை.

“மீதி அம்பது?” என்றாள்.

“சில்லறை இல்லையே.”

பொய். சட்டைப் பையில் ஐம்பது ரூபாய் இருந்தது. காலையிலேயே எண்ணிப் பார்த்திருந்தேன்.

“சரி, அப்போ நாளைக்கு நாலு மணிக்கு வந்து வாங்கிக்கிறேன்” என்று உள்ளே போனாள். ஆமாஞ்சாமி அதே கேள்வியோடு நின்றிருந்தது. இருக்கட்டும், அதற்குக் கால் வலிக்காது. அந்தப் பிழை அன்று கிடைக்கவில்லை. மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் வாயில் நுரையோடு, “கேள்வியையே தப்பாக் கேட்டிருக்கேன்!” என்று கத்தினாள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நான் கூப்பிடவில்லை. இரண்டு முக்காலி, இரண்டு டம்ளர், மடியில் நோட்டு. உட்கார்ந்திருந்தேன். நாலு அடித்து ஐந்து நிமிடம், ஏழு நிமிடம் ஆனது. உள்ளே விசைப்பலகைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு நீளமான வேலையை அதனிடம் சொல்லும் அவள் குரல். நாற்காலி நகர்ந்தது.

வந்தாள். உள்ளங்கையை நீட்டினாள். “எடு என் அம்பதை.”

கொடுத்தேன். மடித்து வைத்துக்கொண்டாள். கணக்குத் தீர்ந்தது, அவளுக்கு நான் பாக்கி இல்லை, எனக்கு அவள் பாக்கி இல்லை. இனி இங்கே வர அவளுக்கு ஒரு காரணமும் இல்லை என்று நினைத்துக்கொண்டு, டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் முக்காலியை வெயிலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் மடியிலிருந்த நோட்டுக்குக் கை நீட்டினாள்.